பட்டாணி அளவுக்கு மேற்படாத கல்

மனிதனை மறுபடியும் நிலாவுக்கு அனுப்புவது என்று பெரிய நாடுகள் கூடி முடிவெடுத்தபோது, ஆளாளுக்கு ஒரு சாமான் கொண்டுவர வேண்டும் என்று பேச்சாயிற்று. ஒரு நாடு ராக்கெட் தந்தது. ஒரு நாடு எரிபொருள் தந்தது. இன்னொன்று, எந்த நேரமும் சிரிக்கத் தெரிந்த நாலு வீரர்களைத் தந்தது. நம் பிரதிநிதி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கையிருப்பில் இருந்தது நம்பிக்கை ஒன்றுதான். அதையே கொடுத்தார். எங்கள் மக்கள் நூறு சதவீதம் நம்புவார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, விருந்தும் சாப்பிட்டு விமானம் ஏறிவிட்டார்.

ஒப்புக்கொண்ட சரக்கை நாள் தவறாமல் ஏற்றி அனுப்ப ஓர் அலுவலகம் வேண்டுமல்லவா. அப்படித்தான் சந்திரப் பயண நம்பிக்கைச் சபை பிறந்தது. ஐந்து மாடிக் கட்டடம், பதினொரு ஜீப், இலச்சினையில் ஒரு பிறை, பிறையின் மடியில் கூப்பிய இரண்டு கைகள். சபையின் கேள்வித்தாளில் ஒரே கேள்வி: "மனிதன் நிலாவுக்குப் போனான், இனியும் போவான், வழியிலுள்ள கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது என்பதை நம்புகிறீர்களா?" அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'ஆம்'. மற்றதில் 'மனப்பூர்வமாக ஆம்'.

மாவட்டம் மாவட்டமாக நம்பிக்கை குவிந்தது. ஒரு மாவட்டத்தில் நூற்று மூன்று சதவீதம் வந்துவிட்டது. அங்கே கணக்கெடுக்கப் போனவர் மழைக்கு ஒதுங்கிய கடையிலேயே உட்கார்ந்து எல்லார் பதிலையும் தானே எழுதியவர். கை பழகிவிட்டதில் கொஞ்சம் கூடிப்போயிற்று. உபரி மூன்றைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இடித்தது ஒரே இடத்தில்தான். லிந்துலைக்கு மேலே, பனியடித் தேயிலைத் தோட்டத்தில்.

பனியடியில் அதுவரை நிலாவைச் சந்தேகித்தவர் யாருமில்லை. நிலாவை நினைத்தவர்களே குறைவு. சபைதான் ஒரு கைநூல் அச்சடித்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் கொடுத்தது. அதன் நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: "பூமியைச் சுற்றிக் கதிர்ப் பட்டைகள் உள்ளன. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, உடம்புக்குள் புகுந்து பல ஆண்டு கழித்துக் கெடுதல் செய்யும். ஆனால் கவலை வேண்டாம், பாதுகாப்பு உடை வழங்கப்பட்டுள்ளது."

சிவசாமி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். பத்தொன்பது வருஷமாக முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு தேயிலை மலைக்கு மருந்தடிக்கிற ஆள். நெஞ்சில் இருமல், கையில் நடுக்கம், இடது கண்ணிமை தன்பாட்டில் துடிக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டால் பனி என்பார்கள். தன் ரத்தத்தை ஒரு தரம் சோதித்துப் பாருங்கள், மருந்து வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போடுங்கள் என்று மூன்று வருஷமாக மனுக் கொடுத்து வந்தார். ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. மூன்று வருஷமும் தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடமிருந்து வந்த பதில் ஒன்றேதான்: கவலை வேண்டாம், பாதுகாப்பு உடை வழங்கப்பட்டுள்ளது.

வழங்கப்பட்டுத்தான் இருந்தது. முகமூடி, கண்ணாடி, கையுறை, ரப்பர் அங்கி எல்லாம் துரையின் ஆபீசில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பித் தோட்டத்தைப் பார்க்கிற நாளில் அலுமாரி திறக்கும். மருந்தடிக்கிற ஆறு பேரும் உடுத்திக்கொண்டு, டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் மேலும் கீழும் நடப்பார்கள். அந்திக்குக் கணக்கப்பிள்ளை சோலைமலை எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, பவுடர் போட்டுத் துடைத்துப் பூட்டிவிடுவார். அடுத்த நாள் சிவசாமி வழக்கம்போல் வாயில் ஒரு பழைய துவாலையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்.

கணக்கெடுப்பாளர் காலைப் பெரட்டுக்கே வந்துவிட்டார். வேலை பிரிக்க எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிற நேரம். நம்பிக்கையை மொத்தமாக அள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். வரிசையாக ஆம், ஆம் என்று போய்க்கொண்டிருந்தது சிவசாமியிடம் வந்து நின்றது. கைநூலில் இருந்த விண்வெளி வீரர் படத்தைச் சிவசாமி விரலால் தொட்டார்.

"இல்லீங்க ஐயா. போட்டோ புடிக்கிற அன்னைக்கு இந்த உடுப்பக் குடுத்திருப்பாங்க. அந்திக்கு வாங்கி அலுமாரியில வச்சிருப்பாங்க. உடுப்பில்லாம அந்த வெசத்துக்குள்ள எப்புடிங்க போயிருப்பான்?"

பெரட்டுக்களம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மருந்தடிக்கிற மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். கணக்கெடுப்பாளர் கெட்டி அட்டைப் பதிவேட்டை மூடி, அதன் முதுகால் சிவசாமியின் காதோடு சேர்த்து ஒன்று போட்டார். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வந்தது. சபையின் சட்டத்தில் அடி என்ற சொல் கிடையாது. அதற்கு அறிவூட்டல் என்று பெயர். "அறிவூட்டல், முதல் தவணை" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு அவர் அடுத்த ஆளிடம் போனார். அடுத்த ஆள் நம்பவில்லை என்றான். அதற்கடுத்தவனும் அப்படியே சொன்னான். அன்று முடிகிறபோது பனியடியில் நாற்பத்தொரு பேர் நம்பாதவர்கள். பதிவேட்டின் முதுகு பிரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தோட்டம் இரண்டானது. மேல் லயம் போனான் கட்சி, கீழ் லயம் போகாதான் கட்சி. போனான் கட்சிக்கு, ஸ்டோரில் கொழுந்தை உருட்டுகிற ரோலரை ஓட்டும் கஸ்பர் தலைவர். ரோலரோடு நின்று நின்று தோள் இரண்டும் மாட்டுத் திமில் மாதிரி இருக்கும். ராக்கெட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கீழ் லயத்தார் நம்பவில்லை என்று கேள்விப்பட்டதும் நம்ப ஆரம்பித்தவர்.

முதல் சண்டை பீலியில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில். போகாதான் ஒருவன் குடத்தை வைத்துவிட்டு, நிலாவுக்குப் போனவன் மூத்திரம் எங்கே பெய்தான் என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகக் கஸ்பர் அவன் தலையை அலுமினியக் குடத்தால் மூடி, குடத்தைக் கல்லால் தட்டினார். மூன்று பற்கள் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு போனான், பெண் வீடு போகாதான் என்று சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரியவந்தது. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரைகள் பறந்தன. ஒருவனுடைய காது மடலை இன்னொருவன் கடித்துத் துப்பினான். கடித்தவன் போகாதான், கடிபட்டவன் போனான். ஆனால் காது போன பிறகு அவனுக்கும் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. தாலி கட்டி முடிந்திருந்ததால் கல்யாணம் செல்லுபடியாயிற்று. மாப்பிள்ளை கையில் மாவுக்கட்டோடு பெண்ணை அழைத்துப் போனார். பிறகு போலீஸ் வந்தது. அவர்கள் எந்தக் கட்சியிலும் சேராமல், எல்லாரையும் ஒரே தடியால் அடித்துவிட்டுப் போனார்கள்.

சபை இதையெல்லாம் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. "பனியடி மக்கள் விண்வெளியில் பேரார்வம் காட்டுகிறார்கள்" என்று அறிக்கை எழுதி, பணிப்பாளர் யோகேஸ்வரனைக் கொழும்பிலிருந்து அனுப்பியது.

பணிப்பாளர் தோட்டத்து மண்டபத்தில் பேசினார். கட்டுப்போட்ட தலைகளும் துணியில் தூக்கிக் கட்டிய கைகளும் முன்வரிசையில் இருந்தன. அவருக்கு அது பிடித்திருந்தது. அக்கறையுள்ள கூட்டம் என்றார். "அன்பர்களே, நம்பிக்கை உள்ளத்திலிருந்துதான் வர வேண்டும் என்று எங்கள் சபை பிடிவாதம் பிடிப்பதில்லை. வந்தால் போதும். எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்க மாட்டோம். கதிர்வீச்சு ஆபத்தா என்று கேட்கிறீர்கள். மூன்று வருஷமாக நான் இந்தப் பதவியில் இருக்கிறேன். என்னை அது ஒன்றும் செய்யவில்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?"

கூட வந்திருந்த விஞ்ஞான உத்தியோகத்தர் பிரேமினி, தலவாக்கலைப் பெண், எழுந்து ஏதோ விளக்கப் போனாள். பணிப்பாளர் அவள் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். ஒரு பதில் சொன்னால் இரண்டு கேள்வி வரும், இது கேள்வி வளர்க்கிற பண்ணை இல்லை என்று அவள் காதில் சொன்னார். கை முழுதாகப் பொத்தாததால் அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் முடிந்து சிவசாமி மண்டபத்துப் பின்பக்கம் இருமிக்கொண்டு நின்றபோது பிரேமினி அங்கே வந்தாள். சிவசாமி நேராகவே கேட்டார். உண்மையைச் சொல்லுங்க புள்ள, அதுக்குள்ள போனா ஆபத்தா இல்லையா.

"ஆபத்துத்தாங்க. இல்லைன்னு சொல்றவங்களுக்குத் தெரியாது. அந்தப் பட்டை எல்லா எடத்துலயும் ஒரே தடிப்பு இல்லை. மெல்லிசா இருக்குற ஓரத்தப் பார்த்துப் போனாங்க. நிக்காம, வேகமா, சில மணி நேரத்துல தாண்டிட்டாங்க. அதுக்கு அங்கிட்டுப் போனப்புறம் சூரியன் சீறினாத்தான் ரொம்ப மோசம். அன்னைக்குச் சீறலை, அது அவங்க அதிர்ஷ்டம். இப்பப் போறவங்க, சீறினா தண்ணி, சாமான் மூட்டை எல்லாத்தையும் சுத்தி அடுக்கி நடுவுல பதுங்கணும்னு பழகிட்டுத்தான் போறாங்க."

"ஒடம்புல எவ்வளவு ஏறுச்சுன்னு எப்புடித் தெரியும்?"

"அதைப் பார்க்க ஆளுக்கொரு கருவி இருக்கும். திரும்பி வந்தப்புறமும் டாக்டர் வருசா வருசம் பார்ப்பாங்க."

"ரத்தம் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க."

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்கு முதுகைக் காட்டுவது, மருந்து மெல்லிசாக விழுந்த ஓரத்தில் கால் வைப்பது, மூச்சை அடக்கிச் சட்டென்று தாண்டுவது. பத்தொன்பது வருஷமாக அவர் செய்து வந்தது இதைத்தான். ரத்தம் எடுக்கிறதைத் தவிர.

"அப்ப நெசமாவே போயிருக்காங்க" என்றார்.

சபை மூன்று மாதமாகப் பதிவேட்டால் அடித்தும் வராத நம்பிக்கை இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. பிரேமினியின் பதவிக்கு நம்பிக்கை வசூலிக்கிற அதிகாரம் கிடையாது.

மறுநாள் சிவசாமி குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு பணிப்பாளரிடம் போய், ஐயா நான் நம்புறேங்க, ஆபத்துத்தான், ஆனாலும் போயிருக்காங்க என்றார். பணிப்பாளர் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஆபத்து என்றும் நம்புகிறாயா என்று கேட்டார். ஆமாங்க. அது அரைகுறை நம்பிக்கை, அதற்குக் கட்டம் இல்லை என்று தாளை மடித்து வைத்தார். அடியோடு நம்பாதவனைக்கூடத் திருத்தலாம், காரணம் தெரிந்து நம்புகிறவனை வைத்துக்கொண்டு சபை நடத்த முடியாது என்று பிரேமினியைப் பார்த்துச் சொன்னார்.

கடைசியில் பணிப்பாளரே ஒரு வழி கண்டுபிடித்தார். கதிர்வீச்சு என்பது என்ன? கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துகள். துகள் என்றால் என்ன? மிகச் சிறிய கல். ஆகவே கல்லைத் தாங்குகிற உடை கதிர்வீச்சையும் தாங்கும். சிவசாமி விண்வெளி உடையை உடுத்திக்கொண்டு விளையாட்டு மைதானத்தில் பூமியிலிருந்து நிலாவுக்கு நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் தோட்டத்து மக்கள் நின்று கல் எறிவார்கள். அவர் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தால் நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். பிரேமினி இது விஞ்ஞானம் இல்லை என்றாள். விஞ்ஞானம் வேறு பிரிவு, நாம் நம்பிக்கைப் பிரிவு என்றார் அவர்.

சிவசாமி உடனே சரி சொல்லவில்லை. தலவாக்கலைக் கடைத்தெருவில் மழைக்கோட்டு வாங்குகிறவர் போல, வேண்டாம் என்று இரண்டு தரம் திரும்பி நடந்தார். மூன்றாம் தரம் விலையைச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தச் சோதனை, அப்புறம் ஸ்டோரில் வேலை. சோதனைக்குப் பணிப்பாளர் பொறுப்பு. ஸ்டோர் வேலைக்குப் பெரிய துரை, நல்லபடியாகத் திரும்பி வந்தால் பார்க்கலாம் என்று தலையாட்டினார். பிறகு கல்லுக்குப் பேரம் நடந்தது. பணிப்பாளர் கைக்கு அடங்கிய கல் என்று ஆரம்பித்தார். சிவசாமி கடுகு என்றார். பாக்கு என்றார் அவர். மிளகு என்றார் இவர். ஒரு மணி நேரம் இழுத்து, "பட்டாணி அளவுக்கு மேற்படாத கல்" என்று ஒப்பந்தத்தில் ஏறியது. ஓட அனுமதிக்க வேண்டும் என்று சிவசாமி கேட்டது மட்டும் ஏறவில்லை. மெதுவாக நடந்தால்தான் நம்பிக்கை பிறக்கும் என்றார் பணிப்பாளர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. ஒரு மூலையில் மேசை, அது பூமி. எழுபது கெஜம் தள்ளி வெள்ளையடித்த மண்குவியல், அது நிலா. நடுவே கயிறு கட்டிய இரண்டு வரிசை, அவை கதிர்ப் பட்டைகள். ஒரு வரிசையில் போனான் கட்சி, எதிர் வரிசையில் போகாதான் கட்சி. போனான் கட்சி உடை தாங்கும் என்று காட்ட எறிய வேண்டும், போகாதான் கட்சி தாங்காது என்று காட்ட எறிய வேண்டும். இரண்டு கட்சிக்கும் இவ்வளவு ஒற்றுமையான வேலை அதற்கு முன் கிடைத்ததில்லை. சிவசாமியின் மனைவி ஜெயந்தினியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போகாதான் வரிசையில் நிறுத்தினார்கள். அவள் கொழுந்துக் கூடையின் கயிறு தழும்பேறிய நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கவாட்டில், கயிறு முடிகிற ஓரத்தில், தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே அதிகாரிகள்; அவர்களுக்கு முன்னால் விருந்தினருக்கான தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள்.

உடை என்பது ஒரு மழைக்கோட்டு. அதன் மேல் சோற்றுப் பார்சல் கட்டுகிற வெள்ளித்தாள் மூன்று சுற்று. தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். முதுகில் ஒட்சிசன் பெட்டிக்குப் பதில் சிவசாமியுடைய மருந்து டேங்கையே கட்டியிருந்தார்கள். பார்வைக்கு ஒன்றுதான் என்றார்கள்.

கல் வந்திறங்கியபோதுதான் டெண்டர் விவகாரம் தெரிந்தது. லொறியில் இருந்தது ரோட்டுக்குப் போடுகிற முக்கால் கல் என்கிற ஜல்லி. பட்டாணி அளவில் டெண்டருக்கு யாரும் வரவில்லை, இதுவும் ஒரு வகைப் பட்டாணிதான் என்று சபையின் கொள்வனவு அதிகாரி விளக்கினார். பணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார்.

கஸ்பரின் முதல் கல் ஹெல்மெட்டின் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி உடைந்து உள்ளே கன்னத்தைக் கிழித்தது. இரண்டாவது முழங்காலில். அதன் பிறகு யாருடைய கல் எது என்று சொல்ல முடியாதபடி இரண்டு பக்கமும் கொட்டியது. வெள்ளித்தாள் பிய்ந்து பறந்தது. தோளெலும்பு முறிந்த சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. பணிப்பாளர் ஒலிவாங்கியில், "பாருங்கள், உடை எவ்வளவு அமைதியாக வேலை செய்கிறது" என்று வர்ணித்தார். சிவசாமி ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தார். வாயில் ரத்தம் ஊறியது. துப்ப ஹெல்மெட் விடவில்லை, விழுங்கினார்.

பாதி வழியில் ஜெயந்தினியின் குரல் எல்லாச் சத்தத்துக்கும் மேலே வந்தது.

"நடக்காதீங்க. மருந்து மலையில போற மாதிரி ஓரமாப் போங்க, ஓடுங்க."

பத்தொன்பது வருஷப் பழக்கம் அவரைத் திருப்பிவிட்டது. எந்தப் பக்கம் கல் மெல்லிசாக விழுகிறது என்று பார்த்தார். எறிகிற ஆளே இல்லாத பக்கம் ஒன்று இருந்தது, அதிகாரிகள் உட்கார்ந்த பக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு பட்டைக்கும் முதுகைக் காட்டி, சட்டென்று பந்தலுக்கு ஓடினார். எறிந்து பழகிவிட்ட நூறு கைகளும் அவர் போன திசைக்கே திரும்பின. கல் நின்றபாடில்லை. சிவசாமி தண்ணீர்ப் பெட்டிகளைக் காலால் இழுத்துச் சுற்றி அடுக்கி நடுவில் பதுங்கினார்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உடை கிடையாது. கொள்வனவு அதிகாரியின் மூக்கு தட்டையாயிற்று. பணிப்பாளர் ஒலிவாங்கியோடு கீழே விழுந்தார். அவர் முன்பற்கள் உடைகிற சத்தத்தை ஒலிபெருக்கி தோட்டம் முழுக்க ஒலிபரப்பியது. சிவசாமி ஒரு பெட்டியை நகர்த்தினார்.

"உள்ள வாங்க ஐயா. தண்ணிதான் தடுக்கும்."

பணிப்பாளர் தவழ்ந்து போய் அவர் பக்கத்தில் சுருண்டுகொண்டார். வெளியே கல் தீர்ந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் கயிற்றைத் தாண்டி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். அன்று தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துவராதது பனியடி செய்த புண்ணியம். நிலா மிதிபட்டுத் தரைமட்டமானது.

ஆஸ்பத்திரியில் பணிப்பாளரும் சிவசாமியும் அடுத்தடுத்த கட்டில். பேச்சளவில் இருந்த ரத்தச் சோதனை இப்போது கேட்காமலே நடந்தது. காயக்காரர்களுக்கு எல்லாம் எடுத்தார்கள். பணிப்பாளர் ரத்தம் சுத்தம். சிவசாமியின் காகிதத்தை டாக்டர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, பூச்சிமருந்து ரத்தத்தைக் கெடுத்திருக்கிறது, இன்று நேற்று ஏறியதல்ல, இனி டேங்கைத் தொட்டால் ஆள் தாங்க மாட்டார் என்றார்.

பெரிய துரை பிஸ்கட் பெட்டியோடு பார்க்க வந்தார். காகிதத்தைப் படித்தார். தோட்டத்து மருந்து யாரையும் ஒன்றும் செய்யாது, இது நிலாவுக்குப் போன இடத்தில் ஏறியிருக்கும் என்றார். நல்லபடியாகத் திரும்பி வரவும் இல்லை, ஆகவே ஸ்டோர் வேலையும் இல்லை, கை கூடியதும் மருந்து வேலைக்கு வந்துவிடு என்று பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பணிப்பாளர் தன் கட்டிலிலிருந்து கேள்வித்தாளை நீட்டினார். அடிபட்ட நாற்பது பேரும் பெருவிரல் வைத்துவிட்டார்கள், ஒரே ஓர் ஆள்தான் பாக்கி. பல் போனதால் அவர் பேச்சு ஊதிக்கொண்டு வந்தது. சிவசாமி தாளை வாங்கவில்லை. கையெழுத்துக்குக் கையெழுத்து என்றார். உடுப்புக்குள் ஒன்றும் புகவில்லை என்று சபை எழுதித் தர வேண்டும். ரத்தத்தில் என்ன இருந்தாலும் அது நிலாவுக்குப் போகும் முன்பே இருந்தது என்றும் எழுத வேண்டும். பணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. சபை மூன்று வருஷமாக எதிர்பார்த்த வாசகம் அதுதான். முத்திரை குத்தி எழுதித் தந்தார். சிவசாமி 'மனப்பூர்வமாக ஆம்' கட்டத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். நம் நாட்டு நம்பிக்கை நூறு சதவீதம் நிறைந்துவிட்டது என்று அன்றிரவே வெளிநாட்டுக்குத் தகவல் போயிற்று.

பத்து நாள் கழித்துக் காலைப் பெரட்டில் சபைக்குப் பாராட்டு விழா. பணிப்பாளர் புதுப் பற்களோடு வந்திருந்தார். ஜனங்கள் மாவுக்கட்டும் கம்புமாக நின்றார்கள். விழா தொடங்குமுன் கணக்கப்பிள்ளை சோலைமலை வழக்கப்படி பேர் வாசித்தார். சிவசாமி, மருந்து.

சிவசாமி கழுத்தில் கட்டிய துணியில் ஒரு கையைத் தொங்கவிட்டபடி முன்னால் வந்து, டாக்டர் காகிதத்தையும் சபைக் கடிதத்தையும் பெரிய துரையிடம் கொடுத்தார்.

"ரத்தத்துல மருந்து இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காருங்க தொரை. அது நெலாவுல ஏறலைன்னு சபை எழுதியிருக்குங்க. மிச்சம் இருக்கிறது நம்ம தோட்டந்தாங்க."

துரை படித்தார். அவர் முட்டாளில்லை. இந்தக் கடிதம் மெய்யென்றால் மருந்தடிக்கிற ஆறு பேருக்கும், அதற்கு முன் அடித்துச் செத்துப்போனவர்களுக்கும் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். பொய்யென்றால் வேண்டாம். ஆகவே அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தச் சபையை நான் நம்பவில்லை. இவர்கள் உடுப்பை நம்பவில்லை. மனிதன் நிலாவுக்குப் போனதையே நான் நம்பவில்லை."

பணிப்பாளர் மெதுவாகக் கழுத்து மாலையைக் கழற்றினார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் புது முதுகு தைத்திருந்தார்கள்.

"ஓர் ஆள் குறைகிறது" என்றார்.

துரைக்கு அப்போதுதான் உறைத்தது. மைதானத்து ஓரத்தில் டெண்டர் கல் பாதி லொறி அப்படியே கிடந்தது. கஸ்பர் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் பின்னால் போனான் கட்சி, அதற்குப் பின்னால் போகாதான் கட்சி. கட்சி வித்தியாசம் பார்க்கிற நேரமாக அது இல்லை. துரை சோலைமலையின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, பெரட்டுச் சீட்டிலேயே, சிவசாமி இன்று முதல் ஸ்டோர் என்று எழுதி நீட்டினார். இவங்களைப் போகச் சொல்லு சிவசாமி என்றார்.

சிவசாமி சீட்டைப் படித்துப் பார்த்தார். கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையைத் தட்டிக்கொண்டார்.

"அது சபை விசயங்க தொரை. நம்புறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுருங்க."

துரை வாயைத் திறந்தார். நம்புகிறேன் என்றால் கடிதம் மெய்யாகிவிடும். வாயை மூடிக்கொண்டார். பணிப்பாளர் விசிலைப் புதுப் பற்களுக்கு நடுவே பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை குரலைத் தணித்து, ஒப்பந்தத்தில் கல் என்ன அளவு என்று சிவசாமியிடம் கேட்டார்.

"பட்டாணி அளவுக்கு மேற்படாதுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, சிவசாமியும் குவியலுக்குப் போனார். நல்ல கையால் நிதானமாகப் பொறுக்கினார். ஒன்றை எடுத்துப் பார்த்துக் கீழே போட்டார், சின்னது. இன்னொன்றை எடுத்து எடை பார்த்தார். அவர் கடைசியில் தேர்ந்தெடுத்ததைப் பார்த்தால், அந்த வருஷம் பட்டாணி நல்ல விளைச்சல்.